சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆபரேஷன் செய்த பெண் டாக்டர்

1954-ம் ஆண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சில இளம் டாக்டர்கள் ஒரு விடுமுறை நாளில் காரில் புறப்பட்டார்கள். சிரிப்பும் பேச்சுமாகப் பயணம் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கார் நிலை தடுமாறி உருண்டது.

காரில் இருந்தவர்களில் ஒருவர் மேரி வர்கீஸ். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

நினைவு திரும்பியபோது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். முகத்தில் பெரிய காயம். அதைவிடப் பெரிய இடி வேறு இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. கால்களை அசைக்க முடியவில்லை.

அறுந்த கம்பி

நம் முதுகெலும்புக்குள் தண்டுவடம் என்ற நரம்புக் கற்றை இருக்கிறது. மூளை இடும் கட்டளை அதன் வழியாகத்தான் கை கால்களுக்குப் போகிறது. மின்சாரக் கம்பி அறுந்தால் விளக்கு எரியாது அல்லவா? அதுபோல, தண்டுவடம் சிதைந்தால் அதற்குக் கீழே உள்ள உறுப்புகள் செயலற்றுப் போகும். கை, கால் எலும்பு முறிந்தால் கூடிவிடும். தண்டுவடம் அப்படிக் கூடுவதில்லை.

மேரிக்கு இது தெரியும். அவரே டாக்டர் ஆயிற்றே! கொச்சிப் பக்கத்தில் உள்ள செறாயி என்ற ஊரில் 1925-ல் பிறந்தவர் அவர். வேலூரில் மருத்துவம் படித்தவர். பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசை ஒரே நொடியில் மண்ணாகிவிட்டது. இனி வாழ்நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டியதுதானா? பல மாதங்கள் அவர் மனம் நொந்து கிடந்தார்.

வழி காட்டினார் ஒருவர்

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்ட் என்ற பெரிய அறுவை நிபுணர் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் மூலம் நிமிர்த்துவதில் உலகப் புகழ் பெற்றவர். அவர் மேரியின் கால்களைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். அந்தக் கைகளுக்கு ஒரு குறையும் இல்லை. கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம். பிறகு என்ன தடை? மேரியை அறுவை சிகிச்சை கற்கும்படி அவர் தூண்டினார்.

மேரி தயங்கினார். பிறகு துணிந்தார். சக்கர நாற்காலி ஆபரேஷன் அறைக்குள் நுழைந்தது.

முன்கையில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு தசைநாரை எடுத்து, செயலிழந்த விரல்களுக்கு இணைக்க வேண்டும். நூலிழை பிசகினாலும் கை வீணாகிவிடும். அந்த நுட்பமான வேலையை மேரி கற்றுத் தேர்ந்தார். பல தொழுநோயாளிகளுக்கு மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

அந்த நோயாளிகள் ஊராலும் உறவாலும் ஒதுக்கப்பட்டவர்கள். இனி நமக்கு வாழ்வு ஏது என்று சோர்ந்திருந்தவர்கள். தங்களுக்குக் கை கொடுக்கும் டாக்டரே நடக்க முடியாதவர் என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். மருந்து தராத தெம்பை அந்தக் காட்சி தந்தது.

கடல் கடந்து

மேரி அத்துடன் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகருக்குச் சென்று, பிறர் துணை இல்லாமல் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளப் பயிற்சி பெற்றார்.

பிறகு அமெரிக்கா. நியூயார்க் நகரில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் ஒரு மறுவாழ்வு நிலையம் நடத்தி வந்தார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களை மறுபடியும் வாழ்க்கையில் நிற்க வைத்தவர் அவர். அந்த நிலையத்தில் மேரி மறுவாழ்வு மருத்துவத்தைப் படித்தார்.

மறுவாழ்வு மருத்துவம் என்றால் என்ன? காயம் ஆறியதும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போதாது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எப்படி, படுக்கைப் புண் வராமல் உடம்பைக் காப்பது எப்படி, சிறுநீர்த் தொல்லையைச் சமாளிப்பது எப்படி என்று எல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டும். பிழைப்புக்கு ஏற்ற தொழிலையும் பழக்க வேண்டும். இவற்றைக் கவனிக்காமல் விட்டால் புண்ணும் கிருமியும் ஆளையே கொன்றுவிடும்.

வேலூரில் புது வாசல்

ஊர் திரும்பிய மேரி, 1963-ல் வேலூர் ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். நோயாளிகளைத் தங்க வைத்துப் பயிற்சி தர ஒரு தனி நிலையம் வேண்டும் என்று பாடுபட்டார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் அது உருவாயிற்று. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதலாவது.

மரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்த தொழிலாளி, விபத்தில் கால் செயலிழந்த குடும்பத் தலைவன் போன்றவர்களுக்கு அதுவரை வீட்டு மூலைதான் கதி. அவர்களுக்கு ஒரு புது வாசல் திறந்தது. அங்கே அவர்களை வரவேற்ற டாக்டரும் அவர்களைப் போலவே சக்கர நாற்காலியில் இருந்தார். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும் என்று அவர் வாயால் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

1972-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-ல் அவர் காலமானார். பாகாயத்து நிலையம் இன்றும் நோயாளிகளுக்கு மறுவாழ்வு அளித்து வருகிறது.

டாக்டர் மேரி மறுபடி நடக்கவே இல்லை. வைத்தியத்தால் அந்தக் கால்களை மீட்க முடியவில்லை. ஆனால் போனதை எண்ணி அழுதுகொண்டே இராமல், எஞ்சி நின்ற இரண்டு கைகளை வைத்து அவர் வேலையைத் தொடங்கினார். எத்தனையோ பேர் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள்.