மெசியரின் பட்டியல்

1758ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் இரவு. பாரிஸ் நகரில், கடற்படையின் வானாய்வுக்கூடத்தில் சார்லஸ் மெசியர் தொலைநோக்கி வழியாக ஒரு வால்நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது இடப ராசியில், காளையின் கொம்பு நுனியாக விளங்கும் விண்மீனின் அருகே மங்கலான வெண்புகை போன்ற ஒன்று தெரிந்தது. அதுவும் ஒரு வால்நட்சத்திரமாக இருக்குமோ? அப்படியானால், அது நாள்தோறும் விண்மீன்களுக்கிடையே சற்று இடம் மாறவேண்டும். இதுவோ இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தாம் ஏமாந்ததை மெசியர் உணர்ந்தார்.

மெசியர் 1730இல் பிரான்சு நாட்டின் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளுள் அவர் பத்தாமவர். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். 1744இல் ஆறு வால்களுடன் தோன்றிய வால்நட்சத்திரம் அச்சிறுவனின் மனத்தைக் கொள்ளைகொண்டது. 1751இல் அவர் பாரிசுக்கு வேலை தேடி வந்தார். கணிதத்தில் அவருக்குப் பெரிய பயிற்சி இல்லை. கையெழுத்து அழகாக இருந்ததால், டெலில் என்ற வானியல் அறிஞர் அவரை எழுத்தராக வைத்துக்கொண்டார்.

1682இல் வந்த வால்நட்சத்திரம் 1758இன் இறுதியில் திரும்பி வரும் என்று ஹேலி என்ற ஆங்கிலேய அறிஞர் முன்பே கணித்திருந்தார். அது வானில் எங்கே தோன்றும் என்று டெலில் ஒரு வரைபடம் தயாரித்தார். அதில் பிழை இருந்தது. அதை நம்பி மெசியர் ஓராண்டுக்கும் மேலாகத் தவறான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இறுதியில், 1759 ஜனவரி 21ஆம் நாள் வரைபடத்திற்கு வெளியே அதைக் கண்டுபிடித்தார். ஆயினும், செய்தியை வெளியிட டெலில் ஏப்ரல் மாதம்வரை அனுமதிக்கவில்லை. அதற்குள், ஜெர்மனியில் வயலில் உழைத்துக்கொண்டே வானத்தையும் கவனித்துவந்த பாலிட்ச் என்ற விவசாயி கிறிஸ்துமஸ் இரவிலேயே அதைப் பார்த்துவிட்ட செய்தி பாரிசுக்கு எட்டியது. மெசியரின் உழைப்பு இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது.

அதன்பின் வால்நட்சத்திர வேட்டையே மெசியரின் வாழ்க்கையானது. அதற்குத் தடையாக இருந்தவை, அந்த இடப ராசிப் புகையைப் போன்ற அசையாத மங்கல்களே. மற்றவர்களும் ஏமாறாதிருக்க, அவற்றின் இருப்பிடங்களை அளந்து எண்ணிட்டுக் குறித்துவைத்தார். முதல் பட்டியலில் 45 பொருள்கள் இருந்தன. கார்த்திகை விண்மீன்களுக்கு 45ஆம் எண் கொடுத்திருக்கிறார். அவற்றை வால்நட்சத்திரம் என்று எவரும் ஏமாறமாட்டார்களே, ஏன் சேர்த்தாரோ! பிறகு, நண்பர் மெசேனின் உதவியோடு பட்டியல் 103ஆக வளர்ந்தது.

1781இல் அவர் ஒரு பூங்காவில் பனிக்கட்டி சேமிக்கும் ஆழமான கிடங்கிற்குள் தவறி விழுந்தார். காலும் கையும் விலா எலும்புகளும் முறிந்தன. ஓராண்டு கழித்து, புதன் கோள் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண மீண்டும் தொலைநோக்கியின் முன் வந்து அமர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது அவருடைய ஊதியம் நின்றது. 1793இல் அவர் கண்ட வால்நட்சத்திரத்தின் பாதையைச் சிறையிலிருந்தபடியே கணித்துக் கொடுத்தார் அவருடைய நண்பர் சரோன். அக்கணிப்பின்படி மெசியர் அதை மீண்டும் கண்டுபிடித்தார். சில மாதங்களில் சரோனுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

மெசியர் 1817இல் மறைந்தார். அவர் கண்டுபிடித்த வால்நட்சத்திரங்களை இன்று நினைப்பவர் சிலரே. அவர் ஒதுக்கிவைத்த மங்கல்களோ விண்மீன் கொத்துகள், வாயு முகில்கள், தொலைதூர விண்மீன் மண்டலங்கள் என்று பின்னாளில் தெரியவந்தன. 1054இல் சீனர்கள் பார்த்துக் குறித்துவைத்த, வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சமே அந்த இடப ராசிப் புகை. அவருடைய குறிப்புகளிலிருந்து மேலும் சிலவற்றைச் சேர்த்ததால், பட்டியலில் இப்போது 110 பொருள்கள் உள்ளன. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், நிலவில்லாத ஓர் இரவில், வானத்தை விரும்பிப் பார்ப்பவர்கள் சிறிய தொலைநோக்கிகளுடன் திறந்த வெளியில் கூடுகிறார்கள். பொழுது விடிவதற்குள் அந்த 110ஐயும் பார்த்துவிட முயல்கிறார்கள்.