வில்வண்டியில் வந்த அய்யன்காளி

கையில் நாலு காசு புழங்கும் சேரி வீட்டைக் காட்டி, இவர்களுக்கு இன்னும் என்ன குறை என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அய்யன்காளியின் வாழ்க்கையை அவர்கள் படிக்க வேண்டும்.

திருவனந்தபுரம் அருகே வெங்ஙானூரில் 1863 ஆகஸ்ட் 28இல் புலையர் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய அப்பா அய்யனுக்குப் பண்ணையார் கொடுத்த சில ஏக்கர் நிலம் இருந்தது. அன்றைய திருவிதாங்கூரில் (நம் கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது அதில்தான் இருந்தது) இது அபூர்வம். மற்ற புலையர் வீடுகளைவிட அந்த வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் குறைவு. ஆனால் பொதுச் சாலையில் நடக்க முடியாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது.

1893இல் அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். மேல்சாதியார் மட்டுமே ஏறும் வண்டி அது. வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் கட்டி, தடுக்கப்பட்ட சாலையில் ஓட்டிச் சென்றார். வழிமறித்தவர்களுக்கு அஞ்சவில்லை. வண்டி வாங்கக் காசு போதும், அதில் ஏறிப் போகக் காசு மட்டும் போதவில்லை.

1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். அடுத்து வந்த வேலைநிறுத்தத்தை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று கூலியாட்கள் நின்றுவிட்டார்கள். அன்றாடம் உழைத்தால்தான் அன்றாடம் உலை வைக்கும் குடும்பங்கள் அவை. வயல்கள் தரிசாகக் கிடந்தன. கடலோர மீனவர்கள் தங்கள் வேலையில் இவர்களையும் சேர்த்துக்கொண்டு பசி தாங்க உதவினார்கள். முடிவில் பண்ணையார்கள் இறங்கி வந்தார்கள், கூலியும் கூடியது. ஆனால் பள்ளிக் கதவு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அவர் அழைத்துச் சென்றபோது பெருங்கலவரம் வெடித்தது, பள்ளியே எரிக்கப்பட்டது.

1915இல் கொல்லத்தில் கூடிய பெண்கள், தாங்கள் அணியக் கட்டாயப்படுத்தப்பட்ட கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அந்தக் கூட்டத்தையும் முன்னின்று நடத்தியவர் அவர்தான். ஸ்ரீமூலம் பிரஜா சபை உறுப்பினராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, நிலமில்லாதோருக்குப் புறம்போக்கு நிலம் கேட்டார். நிலம், பள்ளி, சாலை என்று எதையும் பிரித்துப் பார்க்கவில்லை.

1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்தார். தன் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. முடிப்பதைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்பதே தன் ஆசை என்று அவரிடம் சொன்னார் அய்யன்காளி. எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு அப்போது வயது 73. நான்கு ஆண்டுகள் கழித்து, 1941 ஜூன் 18இல் காலமானார்.