புலியின் வாயைத் திறந்து பார்த்த வேட்டைக்காரர்

ஜிம் கார்பெட் என்றதும் நம் சங்கத்து நண்பர்களில் பலருக்குத் தொப்பியும் துப்பாக்கியுமாக நிற்கும் ஒரு வெள்ளைக்காரரின் உருவம் கண்முன் வரும். அந்த உருவம் பொய்யன்று, ஆனால் பாதிதான். புலியைச் சுட்டு வீழ்த்தியவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். வீழ்த்திய பின் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, பாதத்தைத் தூக்கிப் பார்த்து, இந்தப் பிராணி மனிதனைத் தின்னத் தொடங்கியது எதனால் என்று விசாரித்தவர்கள் மிகச் சிலரே. அந்த விசாரணையை முன்னிட்டே அவர் வரலாற்றை இங்கு எழுதப் புகுந்தேன்.

1875 ஜூலை 25 அன்று நைனிதாலில் பிறந்தார் கார்பெட். தந்தை அவ்வூர்ப் போஸ்ட்மாஸ்டர். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே தந்தை காலமானார். கோடைக்கு நைனிதால், குளிர்காலத்துக்கு மலையடிவாரத்துக் காலாதுங்கி என்று அந்தக் குடும்பம் வாழ்ந்தது. பள்ளிக்கூடம் கற்பித்ததைவிடக் காலாதுங்கிக் காடு அந்தப் பையனுக்கு அதிகம் கற்பித்தது. எந்தக் குரங்கு எதைக் கண்டு கத்துகிறது, மான் எதற்காக எச்சரிக்கைக் குரல் கொடுக்கிறது, மண்ணில் பதிந்த அடிச்சுவடு எத்தனை நாழிகைக்கு முந்தையது என்பனவெல்லாம் அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பது போல் எளிதாயின.

வாலிப வயதில் ரயில்வே வேலை. கங்கைக் கரையில் மொகாமா காட் என்னும் இடத்தில், அகலப் பாதை வண்டியில் வந்த சரக்கை மீட்டர் பாதைக்கு மாற்றிக் கொடுக்கும் காண்டிராக்டராக இருபது ஆண்டுகளுக்கு மேல் கூலியாட்களோடு கூலியாளாக உழைத்தார். வேட்டை அவருக்குத் தொழிலன்று; விடுமுறையில் செய்த காரியம். இதை நாம் மறந்துவிடக்கூடாது.

1907-இல் சம்பாவத் பெண்புலியைக் கொல்ல அழைப்பு வந்தது. நேபாளத்தில் சுமார் 200 பேரைக் கொன்று, அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாயூனுக்குள் புகுந்த புலி அது. இரண்டு பக்கமும் சேர்த்து 430-க்கு மேற்பட்ட உயிர்களை அது குடித்திருந்தது. விறகு பொறுக்கவும் மாட்டுக்குத் தழை ஒடிக்கவும் காட்டுக்குப் போன பெண்கள் அவர்களில் பலர். கார்பெட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். சர்க்கார் அறிவித்திருந்த பரிசுத்தொகையை ரத்துச் செய்ய வேண்டும்; காட்டில் திரியும் மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும். பணத்துக்காகக் கொல்பவன் என்ற பெயர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

புலி மாண்டது. கிராமங்கள் மூச்சு விட்டன. கார்பெட்டோ அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்பு வரை சிதைந்திருந்தது. முன்பு எப்போதோ யாரோ ஒருவன் சுட்ட குண்டின் வேலை! அந்தப் பற்களோடு காட்டு இரையைப் பிடிக்க அதனால் இயலவில்லை. ஓட மாட்டாத, கொம்பில்லாத, குளம்பில்லாத பிராணி ஒன்று அதன் வழியில் எளிதாகக் கிடைத்தது. குறி தவறிய ஒரு துப்பாக்கிக்கு நானூறு குடும்பங்கள் வட்டி கட்டின என்றே நான் இதைக் கணக்கிடுகிறேன். சுட்டவன் பெயரை ஏடு எதுவும் சொல்லவில்லை.

எல்லாப் புலிக்கும் காரணம் மனிதன்தான் என்று அவர் வாதாடவில்லை. முக்தேசர்ப் பெண்புலி முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்தது. அதன் முன்னங்காலில் சுமார் ஐம்பது முட்கள் தைத்திருந்தன. நொண்டிக்கொண்டு புதரில் படுத்திருந்த அதன் அருகே புல்லறுக்கப் போனாள் ஒரு பெண். அங்கே ஆரம்பித்தது அந்தக் கதை.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கலக்குவது ருத்ரபிரயாகைச் சிறுத்தையின் வரலாறு. கேதாரநாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் செல்லும் யாத்திரைப் பாதையில் 1918 முதல் 1926 வரை அது 125 பேரைக் கொன்றது. பொழுது சாய்ந்தால் அந்தப் பாதையில் கதவு திறவாது. இதற்கு மூலம் என்ன? 1918-இல் இன்புளுயன்சாக் காய்ச்சல் மலைநாட்டை வாரிக் கொண்டுபோயிற்று. இறந்தவரை ஆற்றங்கரைக்குச் சுமந்து சென்று எரிக்க ஆளில்லை. வாயில் ஒரு நெருப்புத் துண்டை வைத்துவிட்டு உடலைப் பள்ளத்தாக்கில் தள்ளினார்கள். வேறு என்ன செய்வார்கள் பாவம்! அப்படிக் கிடந்த உடல்களைத் தின்று பழகிய சிறுத்தை, நோய் அடங்கிப் பிணம் குறைந்தபோது வீட்டு வாசலுக்கு வந்தது என்று கார்பெட் கருதினார். பல வாரங்கள் இரவும் பகலும் அலைந்து, 1926 மே மாதத்தில், குலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின் மேலிருந்து அதைச் சுட்டார்.

இனி அவருக்குப் பெருமை தராத ஒன்றையும் சொல்லவேண்டும். 1930-இல் பவல்கட் காட்டில் அவர் சுட்டு வீழ்த்திய பெரும்புலி ஒரு மனிதனையும் தின்றதில்லை. அது பெரிது என்பதே அதன் குற்றம். வைஸ்ராய்களின் வேட்டை விருந்துகளுக்கும் அவர் துணைபோனார். இவற்றை மறைத்து அவரை முனிவராக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் அதே மனிதர் வயது ஏற ஏறத் துப்பாக்கியை வைத்துவிட்டுச் சினிமாக் காமிராவைத் தூக்கினார். காமிராவின் ஓசை புலியின் காதில் விழாதிருக்க, ஓடையில் சிறு அணைகள் கட்டித் தண்ணீரைச் சலசலக்கச் செய்து, அதன் அருகே மறைந்திருந்து படம் பிடித்தார். சுடுவதைவிட இது எத்தனை பொறுமை வேண்டும் காரியம்! 1936-இல் ராமகங்கை நதிக்கரையில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா, கவர்னர் ஹெய்லியின் பெயரால் அமைந்ததில் கார்பெட்டுக்கும் பங்கு உண்டு. குமாயூன் ஆட்கொல்லிகளைப் பற்றிய அவருடைய புத்தகம் 1944-இல் வெளிவந்து உலகம் சுற்றியது.

ஒரு விடுமுறையில் நான் காலாதுங்கிக்குப் போயிருந்தேன். அவர் குளிர்காலத்தில் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். வருகிறவர்கள் புலிப்படங்களின் முன் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானோ அருகிலுள்ள சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தைத்தான் அதிகம் பார்த்தேன். முதல் உலகப் போர்க் காலத்தில் கார்பெட் அந்த நிலத்தை வாங்கிக் குடியானவர்களைக் குடியேற்றினார். காட்டுப் பன்றியும் மானும் இரவில் இறங்கிப் பயிரை அழித்தன. அவர் ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். பயிர் பிழைத்தது, பன்றியும் பிழைத்தது.

1947-இல் தமக்கை மாகியோடு அவர் இந்தியாவை விட்டுக் கென்யா சென்றார். உழுதவர்களுக்கே நிலத்தை விட்டுச் சென்றார். 1955 ஏப்ரல் 19 அன்று நயேரி நகரில் உயிர் நீத்தார். சுதந்திர இந்தியா 1957-இல் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டியது. 1972-இல் எடுத்த கணக்கில் நாடு முழுவதும் 1,827 புலிகளே தென்பட்டன. மறு ஆண்டு புலிகளைக் காக்கும் திட்டம் அதே பூங்காவில்தான் தொடங்கப்பெற்றது.

இன்றும் அந்தக் காட்டோரத்துப் பெண்கள் அரிவாளோடு புல்லறுக்கப் போகிறார்கள். சில நாட்களில் ஒருத்தி திரும்புவதில்லை. அப்போது ஊர் கொதிக்கிறது, துப்பாக்கி வருகிறது. சோட்டி ஹல்த்வானியில் அந்தக் கல்மதிலின் சில பகுதிகள் இன்னும் நிற்கின்றன.