தன்னந்தனியாகப் பறந்த எமி ஜான்சன்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எப்படியும் வேறு யாராவது எழுதிவிடுவார்கள். அதனால் நான் ஒரு விமானியைப் பற்றி எழுதுகிறேன். நம் மலரில் விமானிக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கதை நடுவில் ஒரு தொழிற்கல்லூரி வருகிறது, அதற்காகவே இந்தக் கட்டுரை.

விமானம் ஓட்டக் கற்கிறவர்களுக்கு முதல் தடவை தனியாக ஏறி ஒரு சுற்று சுற்றி இறங்குவது பெரிய விஷயம்தான். ஆனால் அப்போது விமானத் திடல் கண்ணிலேயே இருக்கும். அதற்கப்புறம் வருவதுதான் உண்மையான சோதனை. மேப்பில் கோடு போட்டு, காற்றைக் கணக்குப் பண்ணி, முன்னே பின்னே பார்த்திராத ஊருக்குத் தனியாகப் பறந்து போய் இறங்கித் திரும்ப வேண்டும். இதை 'கிராஸ் கன்ட்ரி' என்கிறார்கள். இன்றைக்கும் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 540 கிலோமீட்டருக்குக் குறையாமல் தனியே பறந்து, வழியில் இரண்டு வேறு திடல்களில் இறங்கிக் காட்ட வேண்டும்.

இதில் கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸில் படித்த வெக்டர் முக்கோணம்தான். திசை ஒரு டிகிரி தவறினால் 60 மைலுக்கு ஒரு மைல் விலகுவோம். 80 மைல் வேகத்தில் போகிறவனுக்குப் பக்கவாட்டில் 20 மைல் காற்று அடித்தால், திருத்தாமல் விட்டால், ஒரு மணி நேரத்தில் 20 மைல் தள்ளிப் போயிருப்பான். பரீட்சை ஹாலில் தப்பாகப் போட்டால் ஐந்து மார்க் போகும். மேலே இருக்கும்போது பெட்ரோல் போகும்.

எமி ஜான்சன் 1903 ஜூலை 1 அன்று இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில் பிறந்தார். அப்பா மீன் வியாபாரி. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, லண்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தார். 1928-ல் ஸ்டாக் லேன் விமானத் திடலில் இருந்த லண்டன் ஏரோபிளேன் கிளப்பில் பாடம் ஆரம்பம். 1929 ஜூலையில் 'ஏ' லைசென்ஸ் கையில் வந்தது.

அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஓட்டினால் போதாது, மெஷினையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். ஜாக் ஹம்ஃப்ரீஸ் என்ற தலைமை மெக்கானிக்கிடம் ஹேங்கரில் வேலை கற்றுக்கொண்டார். கிரீஸும் கையுமாக நின்று, அதே 1929-ல் கிரவுண்ட் என்ஜினீயர் 'சி' லைசென்ஸும் வாங்கிவிட்டார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். ஒர்க்‌ஷாப் வகுப்பில் ஃபைலைத் தேய்த்து உள்ளங்கை கொப்பளித்த நமக்கு அதன் அருமை தெரியும்.

பிறகு ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் போகப் போவதாகச் சொன்னார். அதுவரை அவர் போன பெரிய கிராஸ் கன்ட்ரி லண்டனிலிருந்து சொந்த ஊர் ஹல் வரைதான், சுமார் 150 மைல். டார்வினுக்கு 11,000 மைல்! இதை அசட்டுத் துணிச்சல் என்று அன்றைக்கே சொன்னவர்கள் உண்டு. எனக்கும் பாதி அப்படித்தான் படுகிறது.

அப்பாவும் எண்ணெய் வியாபாரி லார்டு வேக்ஃபீல்டும் பணம் கொடுக்க, 600 பவுண்டுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஜிப்ஸி மாத் வாங்கினார்கள். மரச்சட்டம், அதன் மேல் துணி, நாலு சிலிண்டர் என்ஜின், சுமார் 100 குதிரைத்திறன். மேலே மூடி கிடையாது, ரேடியோவும் கிடையாது. அப்பாவின் கம்பெனி வர்த்தக முத்திரைப் பெயரையே அதற்கு வைத்தார்: ஜேசன். உபரி டேங்கிலிருந்து மேல் டேங்குக்குக் கையால் பம்ப் அடித்துத்தான் பெட்ரோல் ஏற்ற வேண்டும். உடம்புக்கு வெளியே ஒரு ஸ்பேர் புரொப்பெல்லரைக் கட்டிக்கொண்டார். அது எவ்வளவு நல்ல யோசனை என்று பின்னால் தெரியும்.

1930 மே 5 அன்று குராய்டனிலிருந்து கிளம்பினார். வியன்னா, கான்ஸ்டான்டிநோபிள், அலெப்போ. பாக்தாத் போகும் வழியில் மணல் புயல் அடித்து, பாலைவனத்திலேயே இறங்க வேண்டியதாயிற்று. சக்கரத்துக்குப் பெட்டிகளை முட்டுக்கொடுத்து, கையில் துப்பாக்கியோடு, காற்று அடங்கும் வரை காத்திருந்தார். மே 10 அன்று கராச்சி. 1928-ல் பெர்ட் ஹிங்க்லர் பதினைந்தரை நாளில் இதே பயணத்தை முடித்திருந்தார். கராச்சியில் கணக்குப் பார்த்தால் எமி அவரைவிட இரண்டு நாள் முன்னால்! உலகப் பத்திரிகைகள் அப்போதுதான் விழித்துக்கொண்டன.

அடுத்து அலகாபாத் போக வேண்டியவர், எதிர்க்காற்றில் பெட்ரோல் குறைந்து, ஜான்சியில் ராணுவப் பரேடு மைதானத்தில் இறங்கினார். இறக்கையில் அடி. அதைச் சரிசெய்து, கல்கத்தா வழியாக மே 13 அன்று ரங்கூன் பக்கம் வந்தபோது கொட்டுகிற மழை. இறங்க வேண்டிய குதிரைப் பந்தய மைதானம் என்று நினைத்து, இன்செயினில் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்கிவிட்டார். ஓடின ஓட்டத்தில் விமானம் பள்ளத்தில் விழுந்தது. புரொப்பெல்லர் உடைந்தது, இறக்கை கிழிந்தது, சக்கரப் பகுதியும் போச்சு.

அந்த மைதானம் அரசுத் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தைச் சேர்ந்தது. இதைத்தான் முதலில் சொன்னேன். ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடிவந்தார்கள். உடைந்த மரச்சட்டங்களைப் பார்த்து அளவெடுத்துப் புதிதாகச் செய்தார்கள். இறக்கைக்குத் துணி? முதல் உலகப்போருக்குப் பிறகு மிஞ்சிய விமானத் துணி ஊரில் மலிவாக விற்று, அதில் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டைகளைத் தேடிப் பிடித்து, தையல் பிரித்து, இறக்கையில் ஒட்டினார்கள்! துணியை விறைப்பாக்கப் பூசும் 'டோப்' தீர்ந்துபோக, உள்ளூரிலேயே கலந்து தயாரித்தார்கள். ஸ்பேர் புரொப்பெல்லர் மாட்டியாயிற்று. மே 16 அன்று ஜேசன் பாங்காக் நோக்கிக் கிளம்பிவிட்டது.

ஹிங்க்லரின் சாதனை அங்கேயே போய்விட்டது. அதனால் என்ன? மூன்றே நாளில், எந்த சிலபஸிலும் இல்லாத ஒரு ப்ராஜெக்ட்டை அந்தப் பையன்கள் முடித்துக் காட்டினார்களே! அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் எனக்குத் தட்டுப்படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது மூங்கில் முளைகள் இறக்கையைக் குத்திக் கிழித்தன. புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு பறந்தார். கடைசியில் தீமோர் கடல், சுமார் 500 மைல் தண்ணீர். ஐந்து டிகிரி தவறினால் 40 மைல் தள்ளிப் போய்விடும். நடுக்கடலில் நிறுத்தியிருந்த ஓர் எண்ணெய்க் கப்பலைக் கண்டதும், வழி சரிதான் என்று தெரிந்தது. மே 24 அன்று டார்வின். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்து வந்த முதல் பெண்!

அப்புறம் புகழுக்குக் குறைவில்லை. சி.பி.இ. பட்டம், 'டெய்லி மெயில்' பத்திரிகையின் 10,000 பவுண்டு, அவர் பேரில் சினிமாப் பாட்டு மாதிரி ஒரு பாட்டு. 1931-ல் ஹம்ஃப்ரீஸுடன் டோக்கியோ, 1932-லும் 1936-லும் கேப் டவுன். ஜிம் மாலிசன் என்ற விமானியை மணந்தார், 1938-ல் விவாகரத்து.

போர் வந்தபோது, விமானங்களைத் தொழிற்சாலைக்கும் படைத்தளத்துக்கும் இடையே கொண்டுபோய்ச் சேர்க்கும் பணியில் 1940-ல் சேர்ந்தார். 1941 ஜனவரி 5 அன்று பிளாக்பூலிலிருந்து, ஆக்ஸ்ஃபோர்டு அருகே உள்ள கிட்லிங்டனுக்கு ஓர் இரட்டை என்ஜின் விமானம். தூரத்தை மேப்பில் அளந்து பார்த்தேன். சுமார் 150 மைல், அதாவது பழைய ஹல் பயணத்தின் அளவுதான். அன்று மேகமூட்டம். ரேடியோ இல்லை, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சியும் அந்த விமானிகளுக்குக் கொடுக்கப்படவில்லை. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் நாலரை மணி நேரம் வானில் இருந்திருக்கிறார். முடிவில், போக வேண்டிய இடத்துக்குச் சுமார் 100 மைல் கிழக்கே, ஹெர்ன் பே அருகே தேம்ஸ் முகத்துவாரத்தில் பாரசூட்டில் குதித்தார். உறைய வைக்கும் தண்ணீர். காப்பாற்றக் கடலில் குதித்த ஹேஸல்மியர் கப்பலின் கேப்டன் வால்டர் ஃப்ளெட்சரும் இறந்துபோனார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை. வயது 37.

ஜேசன் மட்டும் பத்திரமாக லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற நம் ஆட்கள் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது.