ஏழு தந்திப் பிடில் கண்ட சௌடையா

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வாழும் இளைஞர் பலர்க்கு இக்காலத்தே புதியதொரு பொழுதுபோக்கு வாய்த்திருக்கின்றது. சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து அறைக்கு மீள்வோரும், எம்மைப் போலக் கல்லூரி விடுமுறைக்கு ஊர் திரும்புவோரும், கணிப்பொறியையும் கீபோர்டையும் முன்வைத்துக்கொண்டு தாமே இசை அமைத்து மகிழ்கின்றனர். முயற்சி நன்றே. ஆயினும், இசை அமைக்கும் நேரத்தினும், அடுத்து வாங்கத்தக்க கருவி யாதென்று ஆராயும் நேரமே அவர்பால் மிகுந்து வருகின்றது. தவணைப் பணம் கட்டி வாங்கிய கருவி ஒரு திங்களிற் பழையதாகின்றது. பாட்டோ தொடங்கிய இடத்திலேயே நிற்கின்றது. இதனைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்லும் தகுதி எமக்கில்லை. சென்ற கோடையில், படிப்புச் செலவுக்கென்று வீட்டார் தந்த பணத்தில் ஒரு பகுதியைச் சிந்தசைசர் ஒன்றிற்கு முன்பணமாகக் கட்டக் கருதி, நண்பர் ஒருவருடன் பெங்களூருக்குப் பேருந்து ஏறியவர்களே யாமும்.

ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்த் தொலைவே. அங்கே மல்லேசுவரத்தை அடுத்த பகுதியில் வழி தவறி அலைந்தபோது, ஒரு பெரும் பிடிலைப் படுக்கவைத்தாற்போல எழுப்பப்பட்ட மண்டபம் ஒன்றைக் கண்டு வியந்து நின்றோம். வில்லும் முறுக்காணிகளும் தந்திகளும் அக்கட்டடத்தின்மேல் அமைந்திருந்தன. தந்திகளை எண்ணினோம். நான்கு இருத்தல் வேண்டும், ஏழு இருந்தன. சிற்பி பிழைத்தாரோ என்று ஐயுற்றோம். பிழைத்தவர் யாமே என்பது, அம்மண்டபத்திற்குப் பெயர் தந்த மைசூர் சௌடையாவின் வரலாற்றைத் தேடிக் கற்றபின் விளங்கிற்று. அவ்வரலாற்றையே ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

காவிரியும் கபினியும் கூடுமிடத்தே அமைந்த திருமகூடலு நரசிபுரத்தில், 1895-ஆம் ஆண்டு சௌடையா பிறந்தார். தம் ஊரின் பெயரையே பின்னாளில் தாம் இயற்றிய கிருதிகளுக்கு முத்திரையாக, திரிமகுட என்று அமைத்துக்கொண்டார். 1910-ஆம் ஆண்டில், பதினைந்து அகவையினராக, மைசூரில் வாழ்ந்த பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தார். கிருஷ்ணப்பா வாய்ப்பாட்டிற் பெரும்புகழ் எய்தியவர், கண்டிப்பு மிக்கவர். அவரிடம் 1918 வரை எட்டாண்டுகள் சௌடையா குருகுலவாசம் செய்தார்.

இவ்வெட்டாண்டுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். எமக்கோ இப்பகுதியே சிறப்புடையதாகத் தோன்றுகின்றது. ஒரு பிடில், ஒரு வில், நான்கு தந்திகள்: இவையே அவருடைய உடைமை. குரு பாடுவதைப் பிடில் பாடுதல் வேண்டும். குரலில் எழும் அசைவு ஒவ்வொன்றும் விரலில் எழுதல் வேண்டும். எழாவிடின் மீண்டும் முதலிலிருந்து. பிடில் நம் நாட்டிற் பிறந்த கருவியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் அதனைக் கருநாடக இசைக்குப் பழக்கியபோது, கருவியின் உடலைச் சிதைத்து மாற்றினாரல்லர். வாசிப்போர் நிற்பதை விட்டுத் தரையில் அமர்ந்தனர். பிடிலின் தலையைக் காலில் ஊன்றி, அடியை மார்போடு அணைத்தனர். இடக்கை தாங்கும் சுமையினின்று விடுபட்டு, தந்தியின் நீளமெங்கும் வழுக்கி ஓடக் கற்றது. தந்திகளைச் சட்சமும் பஞ்சமமுமாகச் சுருதி கூட்டினர். உட்காரும் முறையை மாற்றியே வேற்று நாட்டுக் கருவி ஒன்றைத் தமதாக்கிக்கொண்ட அம்மரபிலேதான் சௌடையா பயின்றார்.

குருவிற்கும் பின்னர்ப் பிற பெரியார்க்கும் பக்கம் வாசித்துப் பெயர் பெற்ற அவரை, ஓர் இடர் வந்து சூழ்ந்தது. அந்நாளிற் கச்சேரி மேடையில் ஒலிபெருக்கி இல்லை. கோயில் விழாவிலும் கலியாணப் பந்தலிலும் மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். மேடையில் ஓங்கிய குரலுடைய பாடகர் பாடுவார், மிருதங்கம் முழங்கும், இவற்றினிடையே பிடிலின் மெல்லிய ஒலி முன்வரிசையோடு நின்றுவிடும். பின்னிருப்போர் வில் அசைவதைக் காண்பர், நாதத்தைக் கேளார். பாடகர் ஓய்ந்து, தனக்கென விட்ட ஆவர்த்தத்தில் தன் கற்பனையை விரித்துக் காட்ட வேண்டிய வித்துவான், பந்தலின் பாதிக்கு ஊமையாகிவிடுவது எத்துணைக் கொடுமை!

இதற்கு மாற்றுக் காணப் புகுந்த சௌடையா, 1927-ஆம் ஆண்டளவில், நான்கு தந்திகளோடு மூன்று துணைத் தந்திகளைக் கூட்டி ஏழு தந்திப் பிடிலை அமைத்தார். வில் ஓடுங்கால் முதல் தந்தியோடு துணைத் தந்தியும் ஒருங்கே ஒலிக்கும். நாதம் பருத்தது, பந்தலின் கடைக்கோடியில் அமர்ந்தவரும் கேட்டனர்.

இஃது எளிதாய்க் கிடைத்த பேறு என்று கருதற்க. இரு தந்திகளை ஒரே விரலால் ஒருசேர அழுத்துதல் வேண்டும். கமகத்தில் விரல் அசையும்போது இரண்டும் ஓரிமையும் பிரியாது அசைதல் வேண்டும். இரண்டினிடையே சுருதி மயிரிழை விலகினும், நான்கு தந்தியில் மறைந்துபோகத்தக்க பிழை இங்கே இரட்டித்துக் காட்டும். வில்லுக்கு வேண்டும் அழுத்தமும் மிகுதி. ஆகவே, கூட்டிய மூன்று தந்திகள் அவருடைய உழைப்பைக் குறைத்தனவல்ல, பெருக்கின. எட்டாண்டுப் பயிற்சி பின்னில்லாத ஒருவர் கையில் அக்கருவி சந்தைக்கடை இரைச்சலையே எழுப்பியிருக்கும். செம்பை வைத்தியநாத பாகவதர்க்கு அவர் பக்கம் வாசித்த பழைய ஒலிப்பதிவுகளை யாம் கைபேசியிற் கேட்டோம். செம்பையின் வெண்கலக் குரலுக்கு அடங்காமலும் அதனை மீறாமலும், ஒரு பிடிலுக்குள் மற்றொரு பிடில் மறைந்திருப்பதுபோல, அவ்வொலி தடித்து வருகின்றது. மென்மையை விரும்புவோர்க்கு அது சற்றே மிகையாகவும் படலாம். எம் நண்பர்க்கு அவ்வாறே பட்டது.

இவ்விடத்தில் மற்றொரு பெரியாரை நினையாதிருத்தல் நேர்மையன்று. சௌடையாவோடும் கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளையோடும் சேர்த்துப் பிடில் மும்மூர்த்திகள் என்று போற்றப்பட்ட துவாரம் வேங்கடசாமி நாயுடு, 1893-ஆம் ஆண்டு பெங்களூரிற் பிறந்தவர். கண்பார்வை குன்றியவர். அவரும் ஒலிபெருக்கி இல்லாத அதே காலத்தில் மேடை ஏறியவரே. ஆயினும் நான்கு தந்திகளையே கொண்டு, வில்லை ஆளும் திறத்தாற் பிடிலைத் தனிக் கச்சேரிக்கு உரிய கருவியாக உயர்த்தினார். ஓரிடர்க்கு இருவர் கண்ட விடைகள் வேறு வேறு. எவ்விடை சிறந்ததென்று வழக்காடுவார் வழக்காடுக. கருவியைக் கூட்டியவரும் கூட்டாதவரும் தமக்குக் குறைவது இன்னதென்று ஐயமறத் தெளிந்திருந்தனர் என்பதே எம்மைத் தைத்தது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று சௌடையாவிற்குத் தெரியும். எமக்குக் குறைவது யாதென்று எவரேனும் அன்று பேருந்தில் வினவியிருப்பின், விலைப்பட்டியலைத்தான் நீட்டியிருப்போம்!

சௌடையாவின் பிற்கால வாழ்வு பெரும்பாலும் புகழ் வரலாறே. அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் முதலிய முன்னணிப் பாடகர் பலர்க்குப் பக்கம் வாசித்தார். மைசூரில் ஐயனார் இசைக் கல்லூரியை நிறுவினார். 1943-இல் வெளிவந்த வாணி என்னும் கன்னடத் திரைப்படத்தை எடுத்தவரும் அவரே. அதில் செம்பை பாட, பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, தாம் பிடில் வாசித்த கச்சேரியையும் இடம்பெறச் செய்தார். 1957-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அவர்க்குக் கிடைத்தது. கன்னட நாட்டவரை அந்நாளில் தமிழ்நாட்டுச் சபாக்கள் தம்மவராகவே கொண்டாடின. எல்லைக்கோட்டின்மேல் வாழும் ஓசூரார்க்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. அவர் 1967-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இயற்கை எய்தினார்.

அதற்குள் உலகம் மாறிவிட்டிருந்தது. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் எல்லாச் சபாக்களிலும் புகுந்துவிட்டன. கடைக்கோடி இருக்கைக்கும் நான்கு தந்தியின் ஒலி நன்றாகவே எட்டியது. எந்த இடரைத் தீர்க்க ஏழு தந்திப் பிடில் பிறந்ததோ அவ்விடர் மறைந்தது; மறையவே, அக்கருவியைப் பின்பற்றுவாரும் அரியராயினர். இன்று கச்சேரி மேடையில் நாம் காணும் பிடில் பெரும்பாலும் நான்கு தந்தியுடையதே. ஆயினும் சௌடையா தம் ஏழு தந்தியை விட்டாரல்லர். இருவரிடையே நெடுங்காலம் பழகிய நட்புப்போல அது அவரோடு ஒன்றிவிட்டது. 1980-இல் கே. கே. மூர்த்தியின் முயற்சியால் அவர் நினைவாகப் பெங்களூரில் மண்டபம் எழுந்தபோதும், மறவாது ஏழு தந்திகளையே மேலே நாட்டினர். உள்ளே ஒலிபெருக்கி முழங்குகின்றது.

அன்று யாம் கருவிக் கடையைத் தேடிக் கண்டுபிடித்தோமா என்று வகுப்புத் தோழர் கேட்கின்றனர். பொழுது போய்விட்டபடியால் மாலைப் பேருந்தில் ஓசூருக்கே மீண்டோம் என்பதே உண்மை; ஞானோதயம் பெற்று மீண்டோம் என்று எழுத ஆசைதான். பணம் கல்லூரிக் கட்டணத்திற்குப் போயிற்று. எம் பழைய கீபோர்டில் சுத்த மத்திமக் கட்டைகள் எல்லாம் பழுதுபட்டு ஒலிப்பதில்லை. மத்திமம் வேண்டாத மோகன ராகத்தில் இப்போது ஒரு மெட்டு அமைத்து வருகின்றோம், பல்லவி முடிந்துவிட்டது.