விசரர் எனப்பட்ட நல்லூர்ச் செல்லப்பா சுவாமிகள்

ஈழத்திருநாட்டின் வடபால் சைவமும் தமிழும் தழைத்தோங்கும் யாழ்ப்பாணத்திலே, முருகப்பெருமான் அலங்காரக் கந்தனாக எழுந்தருளி அருள்பாலிக்கும் திருத்தலம் நல்லூர் ஆகும். இத்தலத்தின் பெருமையைப் பேசும் அடியார்கள் கோயிலின் உள்ளே விளங்கும் பெருமானைப் போற்றுவதோடு, கோயிலின் வெளியே தேரடியிலே அழுக்குக் கந்தையுடன் அமர்ந்திருந்த ஒருவரையும் சேர்த்தே நினைவுகூருவர். அவர் வாழ்ந்த காலத்திலே ஊரவர் அவருக்கு இட்ட பெயர் விசர்ச் செல்லப்பா. இன்று சைவ மக்கள் அவரை வணங்கும் பெயர் செல்லப்பா சுவாமிகள். அந்தப் பெயர் இந்தப் பெயராக மாறிய வரலாறு, அடியார்கள் யாவரும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

சுவாமிகள் 1840ஆம் ஆண்டளவில் நல்லூரிலே பிறந்தவர். இளமையிலே கல்வி கற்று, யாழ்ப்பாணக் கச்சேரியில் ஆராய்ச்சி என்னும் உத்தியோகத்தில் அமர்ந்தார். அக்காலத்தில் அரசாங்க உத்தியோகம் என்பது எளிதில் கிட்டாத பேறு. கச்சேரிக்குச் செல்பவருக்கு ஊரிலே தனி மரியாதை இருந்தது. செல்லப்பரும் அந்த மரியாதையோடு வாழ்ந்திருக்கக்கூடியவரே. ஆயினும் அவருடைய உள்ளம் அதிலே ஒட்டவில்லை.

அக்காலத்திலே இந்தியாவிலிருந்து வந்த துறவி ஒருவர் யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடைத்தெருவிலே உலாவித் திரிந்தார். அதனால் அவரைக் கடையிற் சுவாமிகள் என்று அழைத்தனர். நீராவியடியிலே சமாதி கொண்டருளிய அந்த மகானின் அருட்பார்வை செல்லப்பரின் மீது விழுந்தது. அதன்பின்னர் அவருடைய போக்கு முற்றாக மாறியது. உத்தியோகம் நீங்கியது. வீட்டுத் தொடர்பு தளர்ந்தது. நல்லூர்த் தேரடியே அவருக்கு வீடாயிற்று.

தேரடியிலே அவர் தனக்குத் தானே பேசிக்கொண்டிருப்பார். காரணமின்றிச் சிரிப்பார். அருகே வருபவர்களை வாய்க்கு வந்தபடி ஏசி விரட்டுவார். தாமே சமைப்பார், சோறு வெந்து உண்ணும் வேளையிலே பானையைப் போட்டு உடைத்துவிட்டு எழுந்து போவார் என்றும் சொல்வர். கச்சேரி உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கந்தையுடன் திரியும் ஒருவரைக் கண்ட ஊரவர், அவருக்கு விசர் என்று முடிவு செய்தனர். அந்த ஒரு சொல்லோடு அவரைப் பற்றிய விசாரணை முடிந்துவிட்டது. அதற்குமேல் அவர் என்ன பேசுகிறார், ஏன் பேசுகிறார் என்று நின்று கேட்பார் எவருமில்லை.

விசர் என்பது யாழ்ப்பாணத்து மக்களின் நாவிலே நாள்தோறும் புழங்கும் சொல். கடிக்கும் நாய்க்கு நோய் கண்டாலும் விசர் நாய் என்பர். ஒருவர் பேசுவது பிடிக்காவிட்டால் விசர்க்கதை என்பர். பிள்ளை குழப்படி செய்தால் விசராக்காதே என்று தாய் சினப்பாள். சித்தம் கலங்கி உண்மையிலேயே துன்புறும் நோயாளியையும் அதே சொல்லாலேயே குறிப்பர். உலகப் பற்றை விட்டு இறைவனை நாடியவருக்கும் அதே சொல்தான் கிடைத்தது. நோய்க்கும் கோபத்துக்கும் ஞானத்துக்கும் ஒரே பெயரை இட்டுவிட்டால், அந்தப் பெயரைக் கொண்டு எதனையும் அறிய முடியாது என்பதற்குச் செல்லப்பா சுவாமிகளின் வாழ்வே சான்றாகும்.

சைவ மரபிலே இது புதிய செய்தியன்று. உடலிலே பித்தம் மிகுந்தால் அறிவு கலங்கும் என்பது பழைய வைத்தியம். பித்து, பித்தன் என்ற சொற்களும் அந்தப் பித்தத்தோடு தொடர்புடையவையே. திருமணக் கோலத்தில் இருந்த சுந்தரமூர்த்தி நாயனாரைத் தடுத்தாட்கொள்ள முதிய அந்தணராக வந்த சிவபெருமானை, நாயனார் பித்தன் என்றே ஏசினார். பெருமான் அதற்காகச் சினக்கவில்லை. ஏசிய அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடும்படி திருவெண்ணெய்நல்லூரிலே பணித்தருளினார். காரைக்காலம்மையாரோ தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்டார். உலகம் இழிவாகச் சொல்லும் சொல்லை இறைவனும் அடியாரும் மனமுவந்து ஏற்றுக்கொண்ட வழியிலேயே, செல்லப்பா சுவாமிகளும் விசர் என்ற பெயரைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டார். அப்பெயர் வேண்டாத கூட்டத்தை அவரிடம் அண்டவிடாமல் தடுத்தது.

சுவாமிகளின் காலம் வேறொரு வகையிலும் கவனிக்கத்தக்கது. 1873ஆம் ஆண்டிலே ஆங்கில அரசாங்கம் சித்தம் கலங்கியோரைப் பற்றிய சட்டமொன்றை இலங்கையிலே கொண்டுவந்தது. நீதிமன்றத்தின் கட்டளையோடு அத்தகையோரைக் கொழும்பிலே தடுத்துவைக்க அச்சட்டம் இடமளித்தது. அந்நாளிலே நல்லூர் மக்கள் செல்லப்பரை விசரர் என்று ஏளனம் செய்தபோதிலும், தேரடியிலேயே இறுதிவரை இருக்க விட்டனர். பெயரால் அவரை ஒதுக்கினாலும், கோயில் வீதியிலே அவருக்கு இருந்த இடத்தைப் பறிக்கவில்லை. அந்த அளவிலே நல்லூர் செய்தது ஒரு தருமமே.

அந்தச் சொல்லைத் தாண்டி உள்ளே பார்த்தவர் யோகர் சுவாமிகள். 1872ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்திலே பிறந்த அவர், கிளிநொச்சிப் பகுதியிலே நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியக் காப்பாளராகக் கடமையாற்றிக்கொண்டிருந்தார். 1905ஆம் ஆண்டளவிலே நல்லூர்த் தேரடிக்கு வந்தபோது, செல்லப்பா சுவாமிகள் அவரை நோக்கி, யார் நீ என்னும் பொருள்பட உரத்த குரலிலே அதட்டினார். மற்றவர்கள் விசரரின் கூச்சல் என்று விலகிப் போயிருப்பார்கள். யோகர் சுவாமிகளோ அதனைத் தம் வாழ்நாள் முழுவதும் விடைதேட வேண்டிய கேள்வியாக ஏற்றார். அந்த ஒரு கணத்திலே அவர் ஆட்கொள்ளப்பட்டார். பின்னர் உத்தியோகத்தைத் துறந்து, குருநாதரின் ஏச்சையும் பேச்சையும் பிரசாதமாகக் கொண்டு அவர் பின்னே நடந்தார்.

ஊரவர் பிதற்றல் என்று தள்ளிய வார்த்தைகளையே யோகர் சுவாமிகள் மகாவாக்கியங்களாகப் போற்றினார். உலகிலே தீங்கென்று தனியே ஏதுமில்லை, நடக்கவேண்டியது முன்னரே நடந்து முடிந்தது, அறிந்தோம் என்று சொல்ல நமக்கு எதுவுமில்லை, காண்பதெல்லாம் மெய்யே என்னும் கருத்துடைய நான்கு சிறு வாக்கியங்கள் அவை. பல ஆண்டுகளாகத் தேரடியிலே எல்லோர் காதிலும் விழுந்தவைதான். விசரர் சொல்வது என்று எண்ணிய காதுகளுக்கு அவை இரைச்சல். குரு சொல்வது என்று எண்ணிய ஒருவருக்கு அவை உபதேசம்.

1915ஆம் ஆண்டு பங்குனி மாதத்து அச்சுவினி நட்சத்திரத்திலே செல்லப்பா சுவாமிகள் சமாதி அடைந்தார். அவர் நூல் எழுதவில்லை. மடம் கட்டவில்லை. சீடர் கூட்டமும் சேர்க்கவில்லை. குருநாதரின் மறைவுக்குப் பின்னர் யோகர் சுவாமிகள் கொழும்புத்துறை இலுப்பை மரத்தடியிலே தவமிருந்து, 1964ஆம் ஆண்டு வரை அவ்வூரிலேயே வாழ்ந்து அருள்புரிந்தார். அவருடைய நற்சிந்தனைப் பாடல்களும், 1935ஆம் ஆண்டிலே தொடங்கிய சிவதொண்டன் இதழும் நல்லூர்த் தேரடிக் குருநாதரின் புகழை நாடெங்கும் பரப்பின. விசர்ச் செல்லப்பா செல்லப்பா சுவாமிகள் ஆனது இவ்வாறே.

இவ்வரலாற்றிலிருந்து அடியார்கள் இரண்டு விடயங்களைத் தெளிவாக உணர்தல் வேண்டும். முதலாவது, விசர் எனப்படுவோர் எல்லோரும் ஞானியர் அல்லர். உறக்கமின்றி, உணவின்றி, இல்லாத குரல்கள் காதிலே கேட்க அஞ்சி நடுங்கும் ஒருவரைச் சாமி வந்துவிட்டது என்றோ, பேய் பிடித்துவிட்டது என்றோ, எவரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்றோ வீட்டிலே வைத்திருப்பது அவருக்குச் செய்யும் கொடுமையாகும். சலரோகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து இருப்பதுபோல இந்நோய்க்கும் மருந்து உண்டு. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. கோயிலிலே நூல் கட்டி விபூதி அணிந்து பெருமானை வேண்டுவதோடு, வைத்தியரிடமும் அழைத்துச் செல்லல் வேண்டும். வைத்தியரின் கையும் வைத்தீசுவரன் அருளிய கையே.

இரண்டாவது, அந்நோயாளியை விசரன், விசரி என்று அழைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. 1873ஆம் ஆண்டின் சட்டங்கூடப் பின்னாளிலே உளநோய்கள் பற்றிய சட்டம் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. மக்களின் நாவோ இன்னும் மாறவில்லை. கொழும்புக்கு அருகே நோயாளரைப் பராமரிக்கும் அங்கொடை வைத்தியசாலையின் பெயரைக்கூட ஏளனச் சொல்லாக ஆக்கிவிட்டோம். 2009ஆம் ஆண்டிலே முடிவுற்ற நெடும் போரிலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் பிள்ளைகளையும் துணைவரையும் பறிகொடுத்து மனம் உடைந்தவர்கள் எத்தனையோ பேர். உதவி தேடிச் சென்றால் ஊர் என்ன பெயர் வைக்கும் என்ற பயத்தினாலும், பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது அப்பெயர் குறுக்கே நிற்கும் என்ற பயத்தினாலும், நோயை மறைத்து அறையிலே பூட்டி வைக்கும் குடும்பங்களும் உண்டு. நோயை விட அந்தச் சொல்லே அவர்களைக் கூடுதலாக வருத்துகின்றது.

செல்லப்பா சுவாமிகள் அச்சொல்லைத் தாங்கினார். அதனால் அவருக்கு ஒரு குறையும் நேரவில்லை. நோயுற்றவரால் அதைத் தாங்க இயலாது. ஞானிக்குப் போர்வையான சொல் நோயாளிக்கு விலங்காகின்றது. ஆகவே கோயில் வீதியிலே தனக்குத் தானே பேசிக்கொண்டு ஒருவர் இருப்பாராயின், அவருக்குப் பெயர் வைக்க முற்படாமல், பசிக்கிறதா என்று கேட்டு அன்னதானப் பந்தியிலே அவருக்கும் ஓர் இலை போடுவோம். அவருடைய உறவினரை அறிந்து, வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லத் துணைநிற்போம். தேரடியிலே ஏச்சோடு அமர்ந்திருந்த குருநாதருக்கு ஊர் அன்று செய்யத் தவறிய தொண்டை இவர்களுக்கு இன்று செய்தல், அவருடைய குருபூசையிலே ஏற்றும் தீபத்துக்கு ஒப்பானதாகும்.

சித்தம் கலங்கினோருக்குத் தெளிவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும், எல்லோர் நாவிலும் இன்சொல்லையும் தந்தருள எல்லாம்வல்ல பெருமானின் திருவடிகளைப் பிரார்த்திப்போமாக.