கணக்குப் பலகையில் வானை அளந்த அல்பீரூனி

ஹிஜ்ரி 409-ஆம் ஆண்டு, கி.பி. 1018 அக்டோபர் மாதம். காபூல் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் அறிஞர் ஒருவர் துயருற்றிருந்தார். சூரியனின் உயரத்தை அளந்து, அவ்வூர் பூமியில் அமைந்துள்ள இடத்தை அறிய விரும்பினார். ஆனால் கையில் கருவி ஏதுமில்லை; செய்வதற்குப் பொருளும் இல்லை. அதற்காக அவர் வாளாவிருக்கவில்லை. கணக்கிடும் பலகையைத் திருப்பினார், அதன் பின்புறத்தில் வில்போல் வட்டப் பகுதியொன்றை வரைந்து பாகைகளைக் குறித்தார், தூக்குநூலைத் தொங்கவிட்டார். கருவி ஆயத்தமாயிற்று!

அவர்தாம் அல்லாமா அபூரைஹான் அல்பீரூனி. கி.பி. 973-இல் குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரில் பிறந்தவர். இளமையில் சூரிய கிரகணத்தை நேரே நோக்கியதால் கண்பார்வைக்கு ஊறு நேர்ந்தது. ஆயினும் ஆராய்ச்சியை விட்டாரில்லை. 997-இல் ஒரே சந்திர கிரகணத்தைக் காத் நகரில் இவரும் பக்தாதில் அபுல் வஃபாவும் பேசி வைத்துக்கொண்டு நோக்கினர். இரு ஊர்களின் நேர வேறுபாட்டைக் கொண்டு அவற்றுக்கிடையேயுள்ள தீர்க்கரேகை வேறுபாடு கணிக்கப்பட்டது.

1017-இல் சுல்தான் மஹ்மூத் குவாரிஸ்மைக் கைப்பற்றியதும் இவர் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அந்நகரின் கிப்லா திசையைப் பிழையின்றி அறிய வேண்டுமெனில், கஸ்னியும் மக்காவும் பூமியில் எவ்வெவ்விடத்தில் உள்ளன என்பது தெரிய வேண்டும். அதற்காகவே ஊர் ஊராய் அளந்தார். அம்முறைகளை விளக்கும் பெருநூலை 1025-இல் முடித்தார். பஞ்சாபின் நந்தனா கோட்டையில் தங்கியபோது மலையின் உயரத்தை அளந்து, உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதையும் அளந்து, பூமியின் ஆரத்தைக் கணித்தார். கூம்பு வடிவப் பாத்திரமொன்றில் உலோகங்களையும் மணிகளையும் இட்டு, வழியும் நீரை நிறுத்து, அவற்றின் அடர்த்தியை ஒப்பிட்டார்.

கி.பி. 1048-ஆம் ஆண்டளவில், மரணப் படுக்கையிலிருந்த அவரைக் காண மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவர் வந்தார். பாட்டிமாருக்குரிய வாரிசுரிமை பற்றி முன்பு பேசிய மஸ்அலா ஒன்றை அல்பீரூனி அவரிடம் வினவினார். இந்நிலையிலா என்று வந்தவர் இரங்கினார். அறியாமல் உலகைப் பிரிவதைவிட அறிந்து பிரிவதே மேல் என்பது அவரது மறுமொழியின் கருத்து. விளக்கம் கூறிவிட்டு வெளியேறியவர், தெருவில் நடக்கும்போதே வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது என்று யாகூத் எழுதியுள்ளார்.

தொழுகை விரிப்பை விரித்துத் திசை தேடும் நாம், அத்திசைக்காக ஒரு பலகையையே கருவியாக்கிய அப்பெருமகனாரையும் நினைவுகூர்வோமாக!